சிலுவையடியில் உட்கார்ந்தவளுக்கு

உன்னை வேட்டி சட்டை போட்டுப் புதைத்தார்கள். இடுப்புவரை இருந்த தலைமுடியைக் காது மட்டத்துக்கு வெட்டினார்கள். மூக்குத்தியைக் கழற்றினார்கள். இருபது வருடத்துக்கு மேலாக, யார் கூப்பிட்டாலும் நீ திரும்பிப் பார்க்காத ஒரு பெயரைக் கருங்கல்லில் வெட்டி உன் தலைமாட்டில் நட்டார்கள். இதைச் செய்தது முகம் தெரியாத ஆட்கள் இல்லை. உன் கூடப் பிறந்த அண்ணன் செய்தார். பங்குச் சாமியார் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இது முதலில் இருக்கவேண்டும்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். நீயாக வைத்துக்கொண்ட பெயரையும் எழுதப்போவதில்லை. அது காகிதத்தில் இருக்கவேண்டிய பெயர் இல்லை.

இன்றைக்குச் சாம்பல் புதன். காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குச் சண்டை பங்கோடுதான், ஆண்டவரோடு இல்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் கிடந்த ட்ரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். வேஷத்துக்கு முகத்தில் பூசுகிற முத்துவெள்ளையும் தேங்காய் எண்ணெயும் துணியில் ஊறிப்போன வாடை மூக்கில் ஏறியது. பெரிய வெள்ளிக்கு ஏசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகச் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது. சிப்பாய்களுக்கு நான் வெள்ளி பெயிண்ட் அடித்த தகர மார்புக்கவசம், என் முள்முடி, உன் நீல முக்காடு. எல்லாவற்றுக்கும் அடியில் மருதாணிப் பச்சையில் ஒரு வாயில் சேலை. அதை நாடகத்தில் யாரும் கட்டியதில்லை. அது உன்னுடையது. அதில் மட்டும் முத்துவெள்ளை வாடை இல்லை.

பெட்டியைத் திறந்ததற்குக் காரணம் நேற்று உன் அண்ணன் வந்ததுதான். எண்பதை நெருங்கிவிட்டார். இன்னும் நாடகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வழக்கம்போலப் பேசுவதற்கு முன்னால் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தார்.

"இன்னா பெயிண்டரே, ஒடம்பு எப்டி கீது?"

"கீது. இன்னா விஷயம் சொல்லுங்க."

"நாடகம் போட்டு நாலஞ்சு வருசம் ஆச்சி. இந்தத் தபா போடலாம்னு முடிவு பண்ணிக்கிறோம். பொட்டி உன் வூட்லதான கீது?"

"கீது."

"அவன் பேர்லதான் நாடகமே. அவன் தெறமைய நாங்க மறந்துட்டோம்னு நெனச்சிக்காத."

"எந்தப் பேர்ல?" என்று கேட்டேன்.

அவர் போனை எடுத்து, மேடைக்கு வைக்கப்போகும் பேனரைக் காட்டினார். வலது பக்கம் நீல முக்காட்டில் நீ. இடது பக்கம் மீசையும் சட்டையும் தோளில் துண்டுமாக நீ. நடுவில் பெரிய எழுத்து: ஆணாகப் பிறந்தும் அன்னை மரியாளாகவே வாழ்ந்து காட்டிய மாபெரும் கலைஞர்.

"சாவு போஸ்டருக்கும் இந்தப் படந்தான் போட்டோம். பாரு, அப்டியே என்ன உரிச்சி வச்ச மாதிரி கீறான்" என்றார்.

அந்த மீசைப் படத்தைப் பற்றி எழுதவேண்டியது இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்து வருகிறேன்.

மாதா வேஷம் உனக்கு வந்தது நடிப்புக்காக இல்லை. குழந்தையில் காய்ச்சல் இறங்காமல் நீ கண் செருகிக் கிடந்தபோது உன் அம்மா கோவிலில் முழந்தாளில் நின்று நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் பாஸ்காவில் மாதா வேஷம் கட்டுவான். நம் ஊரில் முக்கால்வாசி வேஷம் இப்படி வேண்டுதலில் வந்ததுதான். என் அப்பா முறிந்த கால் கூடி எழுந்ததற்காகத்தான் நான் முதலில் சிப்பாய் வேஷம் கட்டினேன். பிறகு என் உயரத்தையும் ஒல்லியையும் பார்த்து ஏசுவாக்கினார்கள். பெண்கள் மேடை ஏறக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. ஆக, உனக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தது உன் அம்மா. கேட்டு வாங்கியது மாதா. அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் நேர்ச்சை மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றது உன் அண்ணன். அதை அவரே எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கோவிலுக்குப் பின்னால் புளியமரத்து நிழலில் ஒத்திகை நடக்கும். சிலுவையிலிருந்து இறக்கி என்னை உன் மடியில் கிடத்துவார்கள். எனக்கு அப்போது ஒரு பழக்கம். நீ என் தலையைத் தாங்க வரும்போது, உனக்குக் கனக்குமே என்று கழுத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பேன். நீ கையை எடுத்துவிடுவாய். என் மண்டை தரையில் மோதும்.

"டேய், செத்தவன் கழுத்தத் தூக்கித் தருவானா?"

"கனமா இருக்குமேன்னுதான்டா."

"இருக்கட்டும். கனமா இருந்தாத்தான் அது புள்ள. ஒத்தாசை பண்ற பொணத்த மடியில போட்டுக்கினு நான் எப்டி அழுவறது?"

சும்மா கிடப்பதைப்போலக் கஷ்டமான வேஷம் வேறு இல்லை என்று உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். கல்தூணில் கட்டி அடிவாங்குவது எளிது, சிலுவையில் தொங்குவதும் எளிது. உன் கைக்கு என் தலையை முழுதாக விட்டுக்கொடுக்க எனக்கு இரண்டு மூன்று தவக்காலம் ஆயிற்று.

நீ வருவதற்கு முன்னால் பெண் வேஷம் கட்டியவர்கள் குரலை ஒடுக்குவார்கள், இடுப்பை ஒடிப்பார்கள், ஒரு விரலைக் கன்னத்தில் வைப்பார்கள். நீ ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு நடிக்கத் தெரியவில்லை என்றுகூடச் சொன்னார்கள். நான் கேட்டபோது நீ சொன்னாய்: "வேல கெடக்கற பொம்பள யாருடா இடுப்ப ஆட்டிக்கினு நடக்கறா? எங்கம்மா நடந்து பாத்துகிறியா நீ?" நீ குடத்தை இறக்கும் பெண்களைப் பார்ப்பாய். பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் எந்தக் காலில் எடையைப் போடுகிறார்கள் என்று பார்ப்பாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் பெண்கள் பையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பாய். கற்றுக்கொள்வதற்காகப் பார்க்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் நீ சொன்னாய்: "கத்துக்கறதுக்கு இல்லடா. சரியா இருக்குதான்னு பாத்துக்கறேன்."

ஒரு மத்தியானம் மலையடிவாரத்துப் பஸ் நிறுத்தத்துச் சுவரில் நான் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். நீ எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாய். மேலிருந்து நாலு பேர் கம்பில் போர்வையைக் கட்டி ஒரு வாலிபனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாம்பு கடித்திருந்தது. அவர்கள் ஊருக்கு அப்போது பாதை கிடையாது. வழியிலேயே உயிர் போய்விட்டது. இனி ஆஸ்பத்திரிக்குப் போவதா, திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போவதா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தாய் மரத்தடியில் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. மகன் காதில் மண் ஒட்டியிருந்தது. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தாள். ஒரு காதை முடித்துவிட்டு, முகத்தைத் திருப்பி இன்னொரு காதைத் துடைத்தாள். நீ சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். என் சோறு ஆறிப்போயிற்று.

அந்த வருடம் பெரிய வெள்ளி. என்னை இறக்கி உன் மடியில் கிடத்தினார்கள். மாதாவுக்கு அந்த இடத்தில் நீண்ட ஒப்பாரி உண்டு. கூட்டமே அதற்காகத்தான் காத்திருக்கும். நீ பாடவில்லை. திரைக்குப் பக்கத்திலிருந்து உன் அண்ணன் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். நீ நீல முக்காட்டின் நுனியை எச்சிலில் நனைத்து என் காதைத் துடைத்தாய். செத்துக் கிடக்கிற எனக்கு அந்தச் சில்லிப்பில் உடம்பு நடுங்கப் பார்த்தது. நான் அசையவில்லை. ஹார்மோனியம் நின்றது. பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த மலைக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு அழுகுரல் கிளம்பியது. பிறகு எல்லாப் பெண்களும்.

நாடகம் முடிந்து முகம் கழுவுகிற இடத்துக்கு, பஸ் நிறுத்தத்தில் மகன் காதைத் துடைத்த அந்த மலைக்காரம்மா வந்தாள். உன் தாடையைத் தொட்டு, "நல்லா தொடச்ச, ஆத்தா" என்றாள். உன் அண்ணன் பின்னாலேயே வந்து கத்தினார்: "பாட்ட முழுங்கிட்டு இன்னாடா நடிப்பு இது?" நீ முகத்தில் பாதி முத்துவெள்ளையோடு அவரைப் பார்த்தாய். "யாருண்ணா நடிச்சது?" என்றாய்.

அதன்பிறகு வருடாவருடம் மலைக்காரர்கள் அதிகமாக இறங்கி வந்தார்கள். அவர்கள் நம்மைப்போலக் கோவிலுக்கு வரும் வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் உன் முக்காட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நம் ஊரும் தவக்காலத்தின் அந்த நாற்பது நாள் உன்னை உட்காரவைத்துத்தான் பேசும். நோன்பு நாளில் நீ தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் வயதானவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அந்த நாற்பது நாள் முடிந்ததும் நீ மறுபடி சட்டைக்குள் போய்விடவேண்டும். "சட்டைய போட்டுக்கினு பஸ்ஸுக்கு நிக்கிறேன் பாரு, அதாண்டா ஒத்திகையே பாக்காம கட்டற வேஷம்" என்று ஒரு முறை சொன்னாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தேன்.

உன் அம்மா போன மறுவருடம் ஈஸ்டர் பூசைக்கு நீ சேலை கட்டிக்கொண்டு வந்தாய். நாடகச் சேலை இல்லை. சந்தையில் நீயே எடுத்த மருதாணிப் பச்சை வாயில் சேலை. வந்து பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தாய். ஒரு பெண்ணும் எழுந்து போகவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். எழுந்தது ஆண்கள் பக்கம்தான். உன் அண்ணன் வந்து கையைப் பிடித்து இழுத்தார். பூசை முடிந்து அப்போதிருந்த சாமியார் உன்னைக் கூப்பிட்டு, "வேஷம் கட்டலாம். வேஷத்தோட வாழ முடியாதுப்பா" என்றார்.

"இப்பதான் சாமி கலைச்சிட்டு வந்துகிறேன்" என்றாய்.

அன்று வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். இனிமேல் டா போட்டுப் பேசவேண்டாம் என்று. நான் யோசித்துவிட்டு, "அப்ப இன்னாமேன்னு கூப்புடட்டுமா?" என்றேன். "கூப்புடுய்யா" என்றாய். நாற்பது வயதுக்கு மேல் ஆன இரண்டு பேர் அந்தோணியார் சிலை வைத்த கெபிக்குப் பின்னால் நின்று அப்படிச் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

அடுத்த தவக்காலம் மாதா வேஷம் உன் அண்ணன் மகனுக்குப் போயிற்று. சவுரி முடி வைத்து, இடுப்பை ஒடிக்கச் சொல்லிக்கொடுத்து. சேலை கட்டிய ஆண் பிள்ளை மாதாவாகலாம், சேலை கட்டிய நீ ஆகக்கூடாது. இதில் என்ன நியாயம் என்று நான் குழுவில் கேட்டுப் பார்த்தேன். பெரிய வெள்ளியன்று அவன் என்னைப் புளி மூட்டையைப்போலப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தான். என் தலை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. நான் கண்ணைத் திறந்தேன். எழுந்தேன். முள்முடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அதோடு சரி, நான் பிறகு மேடை ஏறவில்லை. சாமான்களுக்குப் பெயிண்ட் அடித்துப் பெட்டியில் பத்திரமாக வைப்பது மட்டும் என் வேலையாகவே இருந்தது. "மூணு நாள்கூடப் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று டீக்கடையில் ரொம்ப நாள் கேட்டார்கள். கேட்கட்டும்.

நீ மலை ஏறிவிட்டாய். அந்த மலைக்காரம்மாவின் ஊரிலேயே ஒரு வீட்டில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டாய். அங்கே உன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆத்தா என்று ஏற்கெனவே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். பிறகு, திருநங்கை என்று ஒரு சொல் கீழே புழக்கத்துக்கு வந்தபோது உன்னிடம் சொன்னேன். "நல்ல வார்த்தையாத்தான் கீது. ஆனா எனக்குன்னு ஒரு பேரு கீதே, அத்த எவனும் கூப்புட மாட்டேன்றானே" என்றாய். நான் கூப்பிட்டேன். மலை கூப்பிட்டது.

இப்போது மீசைப் படத்துக்கு வருகிறேன். மலையூர்ப் பெண்கள் திருவிழாவுக்குச் சின்னதாக ஒரு நாடகம் போட்டார்கள். குடித்துவிட்டு வந்து வீட்டில் அதிகாரம் செய்யும் புருஷன் கதை. ஆண்கள் யாரையும் சேர்க்கவில்லை. புருஷன் வேஷம் நீ கட்டினாய். பகல் வெயிலில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே. கரியால் மீசை வரைந்து, முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகி, இரவல் சட்டை போட்டு, தோளில் துண்டோடு வந்தாய். பேசுவதற்கு முன்னால் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாய். கடிகாரம் இல்லாத கை. துண்டைச் சரிசெய்தாய். அப்புறம்தான் வாயைத் திறந்தாய். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பெண்கள் மண்ணில் விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு உன் அண்ணனைத் தெரியாது. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்தார்.

வேஷத்தைக் கலைத்து, சேலை கட்டி, முடியைக் கோதிக்கொண்டே நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "பாத்தியாய்யா, இப்பத்தான் ஆம்பள வேஷம் நல்லா வருது. அப்பல்லாம் உள்ளாற மாட்டிக்கினு இருந்தேன், ஒண்ணும் தெரியல. இப்ப வெளிய நின்னு பாக்கறேன் இல்ல." உன் வாழ்நாளில் நீ சந்தோஷமாகக் கட்டிய வேஷம் அதுதான் என்று நினைக்கிறேன். யாரோ போனில் எடுத்த படம் கை மாறிக் கை மாறி உன் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன்னை ஆண் என்று காட்ட அவர்களுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த உன் படங்களையெல்லாம் முன்பே கிழித்துப் போட்டவர்கள் அவர்களே. கடைசியில், ஒரு பெண் ஆண் வேஷம் கட்டிய படத்தை எடுத்து, இதுதான் நிஜம் என்று ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

போன மழைக்காலம் உனக்கு நெஞ்சு வலி என்று மலையிலிருந்து போன் வந்தது. முதல் பஸ் பிடித்து ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து உன் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். "இன்னாய்யா, வேஷம் மாறிப்போச்சு" என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு உன் தலையைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தேன். நீ கழுத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தாய். ஒரு வளைவில் கொடுக்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் காதில் மண் எதுவும் இல்லை. இருந்தும் துடைத்தேன்.

உன் அண்ணன் வீட்டில்தான் இறக்கச் சொன்னார்கள். ரத்த உறவு அவர் என்றார்கள். சேலை என்னிடம் இருந்தது. பழைய பச்சை வாயில் சேலையை நீயே என் வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். "நீல முக்காட்ட போட்டுப் பொதைச்சிடாதீங்க. அது மாதாவோடது. எனக்கு என்னோடது போதும்" என்று சொல்லியிருந்தாய். அதை எடுத்துவர நான் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கதவு தாழ்போட்டிருந்தது. தட்டினேன்.

"குளிப்பாட்டறாங்க. ஆம்பளைங்க வேல. இரு பெயிண்டரே" என்று உள்ளிருந்து உன் அண்ணன் குரல்.

கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நான் கதவை உதைத்தேன். திறந்தபோது நீ வெள்ளைச் சட்டையில் கிடந்தாய். பின்கட்டில் முடியைக் கொளுத்திய நாற்றம் வந்துகொண்டிருந்தது. இப்போதிருக்கும் சாமியார் நல்ல மாதிரிதான், சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். என்னைத் தனியே அழைத்து, "அந்த நீல முக்காட்ட வேணும்னா சவப்பெட்டிக்குள்ள வச்சிடலாமே, எல்லாருக்கும் சமாதானமா இருக்கும்" என்றார்.

"அது மாதாவுது சாமி. இவளுது இது" என்று பச்சைச் சேலையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஊர் முழுக்க நின்றது. அன்று பாயில் இடம் விட்ட பெண்களும் நின்றார்கள். ஒரு கை நீளவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஊரில் எல்லாச் சிலுவைக்கும் பெயர் எழுதுவது நான்தான் என்பது உனக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு நின்று, கடைப்பலகைகளைப் பார்த்து எழுத்துப் பழகியவன். உன் மரச்சிலுவையில் உன் பெயரை எழுதினேன். உன் அண்ணன் மண்ணெண்ணெய் போட்டு அழித்தார். மறுபடி எழுதினேன். அதற்குப்பிறகுதான் கருங்கல் வந்தது. இருட்டில் போய் அதன்மேல் எழுதிவிட்டு வா என்று சிலர் யோசனை சொன்னார்கள். மாட்டேன். நீ பகலில், பூசை நேரத்தில், எல்லோரும் பார்க்கச் சேலை கட்டி வந்தவள்.

போன வாரம் அந்த மலைக்காரம்மா புளி விற்க இறங்கி வந்தாள். வயதாகி முதுகு கூனிவிட்டது. உன்னைப் பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். உன் பெயரைச் சொல்லி அங்கே இருந்தவர்களைக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு பொம்பள இங்கே இல்லையே என்றிருக்கிறார்கள். பிறகு என் வீட்டைத் தேடி வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"ஆத்தாவ எங்கதான் வச்சிகிறீங்க? நீலக் கலர்ல ஒரு மாதா பொம்மை வச்ச கல்லற இருந்திச்சி. அதுதான் போலன்னு ரெண்டு கை புளிய வச்சிட்டு, தொடச்சிட்டு வந்தேன்."

அது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியின் கல்லறை. உன்னுடையது அதற்கு மூன்று வரிசை தள்ளி இருக்கிறது. அவள் அதன் ஓரமாகத்தான் நடந்து போயிருக்கிறாள். பெரிய வெள்ளியன்று மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று உன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளோட பேரு கல்லுல ஏறட்டுங்க. பொட்டிய நானே தூக்கிக்கினு வந்து குடுக்கறேன்" என்றேன்.

"கல்லு வெட்டினா வெட்டினதுதான், பெயிண்டரே."

"பொட்டி பூட்டினா பூட்டினதுதான்."

"போயிட்டவனுக்காக நீ ஏன்யா இப்டி முட்டிக்கற?"

அப்போதுதான் மீசைப் படத்தில் இருப்பது யார் என்று சொன்னேன். கடிகாரம், துண்டு, எல்லாம் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மலைக்காரங்க முன்னாடி என்ன வச்சி சிரிச்சானா?"

"சிரிச்சா" என்றேன்.

எழுந்து போய்விட்டார். பெட்டி இங்கேயேதான் இருக்கிறது.

செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லை உன் அண்ணன் பிடுங்கவேண்டும். ஆள் வைத்து வேண்டாம். நேர்ச்சை மெழுகுவத்தியைப் பிடித்த கையாலேயே பிடுங்கட்டும். நாடகக் குழு பேனரைக் கழற்றவேண்டும். மேடையில் உன்னைப் பற்றிப் பேசுகிறவன் அவள் என்று பேசட்டும், முடியாதென்றால் உன்னைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாமியார் கல்லறைத் திருநாள் பூசையில் இறந்துபோன பெண்களின் பெயர்களோடு உன் பெயரை மைக்கில் வாசிக்கவேண்டும். அன்று நகர்ந்து இடம் விட்ட பெண்களில் இன்னும் பாதிப் பேர் இருக்கிறார்கள். இடம் விட்டது போதாது, அவர்கள் வாயைத் திறக்கவேண்டும். குழியை யாரும் தோண்டவேண்டாம். பச்சைச் சேலையை ஒரு நாள் பகலில் உன் மேல் விரித்தால் போதும், விரிப்பது அந்தப் பெண்களாக இருக்கவேண்டும். புதுக் கல்லில் எழுத்து என் வேலை. எழுத்து கோணினாலும் பரவாயில்லை, அதை வேறு யாரும் எழுதக்கூடாது.

இதில் ஒன்றும் நடக்காவிட்டாலும் பெரிய வெள்ளியன்று அந்த மலைக்காரம்மாவை மூன்று வரிசை தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைக்கவேண்டியது என் பொறுப்பு. அவள் புளியை வைக்கட்டும். பெயரைச் சத்தமாகச் சொல்லுவேன்.

பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வலது கை சரியாக மடங்கவில்லை. ஜீப்பில் உன் தலை இருந்தது அந்தக் கையில்தான். அந்தக் கடைசி வளைவுக்குப் பிறகு நீ எனக்கு ஒரு ஒத்தாசையும் செய்யவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.